மூன்று தட்டு

தென்பாத்தியில் தண்ணீர் வந்தால் குழாயை மூன்று முறை தட்ட வேண்டும். கல்லால் தட்டலாம், கரண்டிக் காம்பால் தட்டலாம், கையில் எது இருக்கிறதோ அதனால் தட்டலாம். ஆனால் மூன்று முறை, இடைவெளி விட்டு, எண்ணித் தட்ட வேண்டும். எங்கள் குழாய் மூன்று கிலோமீட்டர் தூரம் உப்பளங்களுக்கு நடுவே முழங்கால் உயரக் கல்தூண்களின் மேல் படுத்தபடி வருகிறது. அந்தத் தூரத்தில் எந்த இணைப்பு விட்டுப்போனாலும், அதைப் பிரித்து மறுபடி பூட்டுகிற ஆள், பூட்டிய இடத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தன்னைத் தாண்டிப் போய்க் கடைசிக் குழாயில் விழுந்துவிட்டது என்ற செய்தி இரும்பு வழியாகத் திரும்பி வரும்வரைக்கும் கையை எடுக்க மாட்டார். இணைப்பு வியர்க்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரியும். செல்போன் வந்த பிறகும் அந்த முறை மாறவில்லை. இரண்டு கையையும் இணைப்பில் வைத்திருப்பவர் போனை எதனால் எடுப்பார்?

மாசானம்தான் எங்கள் ஃபிட்டர். ஐம்பதை நெருங்கியவர், பேச்சு குறைவு. குழாய் முனையில் மரை வெட்டுகிற கனத்த டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் அவர் நடந்து போகும்போது, உப்பு வாருகிற பெண்கள் இன்றைக்கு எந்தப் புண்ணுக்கு மருந்து என்று கேலி செய்வார்கள், அவர் டையை மறு தோளுக்கு மாற்றிக்கொள்வார், அதுதான் பதில். உப்புக்காற்று குழாய் முழுவதையும் மேலிருந்து தின்னும் என்றாலும், முதலில் தின்பது மரை போட்ட இடத்தைத்தான். அங்கேதான் துத்தநாகப் பூச்சு சீவப்பட்டிருக்கிறது, அங்கேதான் இரும்பு மெலிந்திருக்கிறது. ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதற்காக எந்த இடத்தை அறுத்தோமோ அந்த இடத்தில்தான் குழாய் சாகிறது என்று அவர் ஒருமுறை தன் மனைவி உலகம்மாளிடம் சொன்னாராம். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று அவள் எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சித்திரையில் பாதி வழியில், வெள்ளைப்பாத்தி வளைவில் ஒரு இணைப்பு உதிர்ந்துபோயிற்று. மாற்றுக் குழாய் வரவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் நாளை என்றார்கள். ஒன்பது நாள் தென்பாத்தியில் தண்ணீர் இல்லை. இரண்டு முறை லாரி வந்தது. லாரி வராத நாட்களில் கடல் பக்கத்து ஊற்றைத் தோண்டி, கரிப்பும் கலங்கலுமாக ஊறியதைத் துணியில் வடித்துக் குடித்தோம். எட்டாம் நாள், லிங்கக்கனியின் மகள் வயிற்றுப் பேத்தி, ஏழு மாதக் குழந்தை, வயிற்றால் போய்ப் போய்க் கண் செருகி இறந்தது. குளிப்பாட்டுவதற்கு ஒரு வீட்டில் அரைச் சொம்பு, இன்னொரு வீட்டில் கால் சொம்பு என்று வாங்கினோம்.

ஒன்பதாம் நாள் காலையில் மாசானம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அழுகிய துண்டை அறுத்தெடுத்தார், பழைய குழாயின் இரண்டு முனையிலும் மரை போட்டார், சணல் சுற்றி வெள்ளைப் பசை பூசி, வீட்டில் கிடந்த, இரண்டு குழாயைச் சேர்க்கும் சாக்கெட்டையும் துண்டுக் குழாயையும் வைத்து முறுக்கினார், ஊருக்குத் தண்ணீர் விடும் தொட்டிக்காரருக்குப் போன் போட்டு வால்வைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் வந்த வேகத்தில் சாக்கெட் நீளவாக்கில் பிளந்தது. அவர் இரண்டு கையாலும் பிளவைப் பொத்திப் பிடித்தார். ஆளுக்கு ஒரு குடமாவது பிடிக்கட்டும், தட்டுச் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டு வேறு வழி பார்ப்போம் என்று நினைத்ததாக அவர் பிறகு சொன்னார்.

எங்கள் பக்கத்தில் குழாய் முதலில் இருமியது, பிறகு துருவைத் துப்பியது, பிறகு பழுப்பாகவும், பிறகு ஆகாயம்போலத் தெளிவாகவும் தண்ணீர் வந்தது. நாங்கள் குடத்தோடு ஓடினோம், வாளியோடு ஓடினோம், சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டோம், குனிந்து வாய் வைத்துக் குடித்தோம், தலையில் ஊற்றிக்கொண்டோம், அழுதோம். குழாயை யாரும் தட்டவில்லை. ஒருவராவது தட்டியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

பொழுது சாய்வதற்கு முன் சோற்று வாளியோடு போன உலகம்மாள் பார்த்தது இது: துருப்பிடித்த சாக்கெட் துண்டு துண்டாகக் கீழே கிடந்தது, துண்டுக் குழாயும் கீழே கிடந்தது, பழைய குழாயின் இரண்டு முனைகளுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது, அந்த இடைவெளியைச் சுற்றி மாசானத்தின் இரண்டு கைகள் இருந்தன, ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். தோலுக்கும் இரும்புக்கும் நடுவே நக நுனி நுழைய இடம் இல்லை.

"வலிக்கா?" என்று கேட்டாள்.

"வலிக்கல" என்றார். "தட்டியாச்சா?"

தட்டினால் கை குழாயை விட்டு வந்துவிடும் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது, யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவள் வரப்பு வழியாக ஓடிவந்து, கடைசிக் குழாயடியில் ஒரு கல்லை எடுத்தாள். மளிகைக் கடை வைத்திருப்பவரும் எங்கள் ஊர்க் கமிட்டிக்குத் தலைவருமான தவசிமுத்து அவள் கையைப் பிடிக்கவில்லை, அதட்டவும் இல்லை.

"தட்டு தாயி, யாரு வேண்டாம்னா? நீ தட்டுனா அவன் கைய எடுப்பான். எடுத்தா மறுபடியும் ஒம்பது நாளு. என்னத்தப் போட்டு மூட்டுததுன்னு மொதல்ல ஒரு முடிவுக்கு வருவோம், பொறவு தட்டுவோம். ரெண்டே நாளு."

லிங்கக்கனி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஒரு நாள் தாமதமாக வந்ததற்காக அழுதபடி நின்றிருந்தாள். உலகம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், கல்லைக் கீழே வைத்தாள். அந்தக் கல் கீழே வைக்கப்பட்ட சத்தத்தைக் கேட்டு நாங்கள் விட்ட மூச்சை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

இரண்டு நாள் என்பது இரண்டு வாரமாயிற்று. முதலில் மரை என்று பேசினோம். நகரத்துப் பைப்புக்கடை காதர் மைதீன் பாய் வந்து குழாயின் முனையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இனி இதில் மரை போட்டால் டை மறுபக்கம் வந்துவிடும், வெங்காயச் சருகுபோல இருக்கிறது என்றார். மேலும் இரண்டு பக்கமும் ஊன்றிக் கிடக்கும் குழாயை யாராலும் திருக முடியாது, நடுவில் குழாயைத் திருகாமலே சேர்க்கிற யூனியன் போட வேண்டும், யூனியனுக்கும் மரைதானே வேண்டும் என்றார். பிறகு வெல்டிங் என்று பேசினோம். வெல்டிங் ஆள் வந்து, உள்ளே ஈரம் இருந்தால் பற்றவைப்பு பிடிக்காது, துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் குளிர்க்காய்ச்சல் வரும், அந்த மனுசன் கையை என்ன செய்வது என்று கேட்டார், அதற்கு எங்களில் ஒருவர் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டால் என்ன என்றார், அதைச் சொன்னவர் பெயரை நான் எழுதவில்லை. பிறகு நான்கு போல்ட் போட்டு இறுக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்ச் என்று பேசினோம், அதை நிறுத்தவும் மரையோ வெல்டிங்கோதான் வேண்டும் என்று தெரிந்தது. புதிதாக முழுக் குழாயும் போடலாம் என்று ஒரு இன்ஜினியர் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார். போனவர் மாற்றலாகிப் போனார். ஒவ்வொரு முறையைப் பற்றியும் நாங்கள் மனசார விவாதித்தோம், ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்தோம், குறை கண்டுபிடித்த ஒவ்வொரு நாளும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அப்படி வந்துகொண்டிருந்ததால் நாங்கள் பழகினோம். முதல் வாரம் முறை வைத்துச் சோறு கொண்டுபோனோம். இரண்டாவது வாரம் ஒரு குடையைக் கட்டினோம், அது காற்றில் போனதும் பனையோலையில் கூரை போட்டோம். உட்கார உப்பு மூட்டைகளை அடுக்கினோம். அவரைச் சுற்றி வெயில் காலத்திலும் குளிர்ச்சியாக இருந்ததால் அளத்துப் பெண்கள் தூக்குவாளிகளை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள், கஞ்சி புளிக்காமல் இருந்தது. நாவிதர் மாதம் இருமுறை வந்தார். தேர்தல் வந்தபோது பூத்துக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, விரல் கிடைக்காததால் கால் பெருவிரலில் மை வைத்தார்கள். ரேஷன் கடை எந்திரம் மட்டும் இசையவில்லை. ரேகை வேண்டும், ஆளைக் கொண்டுவா என்றார்கள். ஆள் வர முடியாது, தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று உலகம்மாள் சொன்னாள். அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை என்று அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். சுடலைமாடன் கொடைத் திருவிழாவில் சாமியாடி வழக்கமான பாதையை விட்டு வரப்பில் இறங்கி வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினார், அதற்கு மறு வருடம் அதுவே வழக்கமான பாதையானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டினார்கள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு உப்புக் குவியலில் விளையாடப் போய்விட்டார்கள்.

யார் போனாலும் மாசானம் ஒன்றைத்தான் கேட்டார். தட்டியாச்சா என்று கேட்டார். தட்டிவிடுவார்கள் என்று சொன்னோம். தண்ணீர் நன்றாக வருகிறது அண்ணாச்சி, கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னோம், அவர் தலையாட்டிக்கொள்வார். வாய் வார்த்தையை அவர் நம்பாமல் இல்லை. ஆனால் கைக்கு வாய் வார்த்தை கேட்காது.

இன்னொன்றும் செய்தோம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கடைசிக் குழாயைச் சுற்றி, தரையிலிருந்து வாய்வரைக்கும், அதற்கு முந்தைய நான்கு தூண் தூரத்துக்கும், பழைய உப்புச் சாக்குகளை மூன்று மடிப்பாக வைத்துத் தைத்தோம். குடம் மோதி நசுங்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். கோணி ஊசி பிடித்துத் தைத்தவள் லிங்கக்கனி. அவள் மட்டும் பொய் சொல்லவில்லை. ஏன் தைக்கிறாய் என்று உலகம்மாள் கேட்டபோது, "என் பேத்திய நீ பாத்தல்ல மைனி" என்று மட்டும் சொன்னாள், ஊசியை நிறுத்தவில்லை.

உலகம்மாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. தினமும் காலையில் கஞ்சி கொடுத்த பிறகு கணவரின் தோளில் உள்ளங்கையை வைத்து, அங்கிருந்து கீழே இறக்கிக்கொண்டே போவாள், எந்த இடத்தில் உடம்புச்சூடு முடிந்து இரும்பின் குளிர்ச்சி தொடங்குகிறதோ அந்த இடத்தில் நிறுத்துவாள். முதல் மாதம் அது மணிக்கட்டில் இருந்தது. ஐப்பசி மழை வந்தபோது முழங்கையில் இருந்தது. தையில் புஜத்தின் நடுவே இருந்தது. குளிர்ச்சிக்குக் கீழே தோல் நிறமும் மாறிக்கொண்டு வந்தது, புதுக் குழாயின் மேல் இருக்கும் சாம்பல் பூப்போல. உப்புத்தூள் தலையில் படிந்து படிந்து நரையா உப்பா என்று தெரியவில்லை. இந்தக் கணக்கை அவள் கமிட்டியில் சொன்னாள். ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னாள். சொல்லும்போது தன் கையில் தொட்டுக் காட்டினாள். நாங்கள் தலைகுனிந்து கேட்டோம், அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தோம்.

பங்குனியில் ஒரு நாள் அவள் சோற்று வாளியோடு போனபோது, உப்பு மூட்டைகள் இருந்த இடத்தில் சிமெண்டில் ஒரு இருக்கை இருந்தது. சாய்மானம் வைத்து, பளபளப்பாகத் தேய்த்து, கொடுத்தவர் பெயரைப் பின்னால் பொறித்து, மாசானத்தை அலுங்காமல் நகர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். தவசிமுத்துவின் தாயார் நினைவாக அது கட்டப்பட்டிருந்தது. எங்களுக்கு அது நல்ல காரியமாகத்தான் பட்டது. உலகம்மாள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றும், விரலால் சிமெண்டைத் தொட்டுப் பார்த்தாள் என்றும், அது காய்ந்திருந்தது என்றும் அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். ஓலைக்கூரை போட்டபோது அவள் அழவில்லை. அன்றைக்கு அழுதாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் காதர் மைதீன் கடைக்குப் போனாள். திருகவும் கூடாது, தீ வைக்கவும் கூடாது, மரை போடவும் கூடாது, தண்ணீர் பீச்சும்போதே மூட்ட வேண்டும், சருகுபோன்ற குழாய் நசுங்கவும் கூடாது, அப்படி என்ன இருக்கிறது பாய், நீங்கள் இல்லையென்று சொன்னால் நான் இங்கேயே உட்கார்ந்துகொள்வேன் என்றாள். பாய் மாடிக்குப் போய்ப் புழுதியோடு ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பாதிகளாகத் திறந்து மூடும் வார்ப்பிரும்பு உறை, முழங்கை நீளம், உள்ளே தடித்த ரப்பர், ஓரங்களில் ஆறு போல்ட். குழாயைச் சுற்றி வெளியிலிருந்தே போடலாம், லேசாக மூடி வைத்துவிட்டுத் தேவையான இடத்துக்குத் தள்ளலாம், பிறகு முறுக்கலாம். கப்பல் பட்டறையில் அவசரத்துக்குப் போடுவது என்றார். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வைத்துக்கொள், நடு போல்ட்டை முதலில் முறுக்கு, ஓரத்தைப் பிறகு, ஒரேயடியாக முறுக்காதே, சுற்றிச் சுற்றி வா என்று சொல்லிக்கொடுத்தார். அவள் அதை மந்திரம்போல வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கூட்டத்தில் அந்த உறையை நடுவில் வைத்தாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். கனமாக இருக்கிறது என்றோம். ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்றோம். தவசிமுத்து தன் போனில் புது இன்ஜினியரைக் கூப்பிட்டு, அவர் சொன்னதை எங்களுக்குச் சொன்னார்: இது தற்காலிக ஏற்பாடுதான், நிரந்தர வேலைக்கு இதை எழுத முடியாது.

"ரெண்டு பாதியா இருக்கதால ஒரு நாளு தெறந்துக்கிடும்னு சொல்லுதாரு" என்றார் தவசிமுத்து.

"அவரு கையும் ரெண்டுதான அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள்.

யாரும் பேசாமல் இருந்ததையே முடிவாக எடுத்துக்கொண்டு கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் வீடு வீடாக வந்தாள். உறையை முறுக்க அவள் அங்கே இருக்க வேண்டும், தட்ட ஒருவர் இங்கே இருக்க வேண்டும், நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரே ஒரு ஆள், மூன்றே மூன்று தட்டு, அவ்வளவுதான் கேட்டாள். ஒரு வீட்டில் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, அது முடியட்டும் என்றார்கள். ஒரு வீட்டில் வந்து உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்து, காப்பி குடித்து முடியும்வரை வேறு பேச்சுப் பேசினார்கள். ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அந்தக் கதவு என்னுடையது. லிங்கக்கனி மட்டும் வாசலில் நின்று, முடியாது மைனி, என்னால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். எழுபத்தொரு வீடு. எழுபத்தொரு வீட்டிலும் அந்தத் தண்ணீரில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

வைகாசியில் குளிர்ச்சி தோளைத் தாண்டியது. ஒரு காலையில் உள்ளங்கையை வைத்தபோது சூடு காறையெலும்புக்குக் கீழேதான் தொடங்கியது. அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாசானம் பேசும்போது குரலுக்குள் ஒரு சிறு அதிர்வு, காலிக் குழாயில் காற்று போவதுபோல, சேர்ந்துகொண்டிருந்தது.

அவள் அன்றைக்கு உப்பளத்து வேலைக்குப் போகவில்லை. உறையைச் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து வந்து, அவர் வலது கைக்கு அருகே குழாயில் மாட்டி, ஆறு போல்ட்டையும் விரல் முறுக்கில் நிறுத்தினாள். இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்கு உப்புத்தாளால் தேய்த்தாள், கைக்குழந்தையின் முதுகைத் துடைப்பதுபோலத் தேய்த்தாள் என்றார்கள். ஸ்பேனரை அவர் மடியில் வைத்தாள்.

"கை வந்ததும் இடப்பக்கமாத் தள்ளுங்க. நடு போல்ட்டு மொதல்ல, ஓரம் பொறவு. சுத்திச் சுத்தி வரணும்."

"கலியாணமாயி இருவத்தாறு வருசம்" என்றார் மாசானம். "இன்னைக்குத்தான் எனக்குப் பைப்பு வேல சொல்லித்தார."

அவளும் சிரித்தாளாம். பிறகு அவருடைய குழாய்க் குறடான பைப் ரிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வரப்பு வழியாக எங்களை நோக்கி நடந்து வந்தாள்.

காலை பத்து மணி இருக்கும். குழாயடியில் வரிசை நீளமாக இருந்தது. அவள் வரிசையை விலக்கவில்லை, குழாய்க்கு மறுபக்கமாக வந்து, மீன் அறுக்கும் கத்தியால் சாக்குத் தையலைக் கிழித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, மூன்றாவது மடிப்பு. உள்ளே குழாய் இத்தனை நாள் வெயில் படாமல் புத்தம் புதிதாக மின்னியது. எங்களில் யார் வேண்டுமானாலும் அவள் கையைப் பிடித்திருக்கலாம். எல்லோர் கையிலும் குடம் இருந்தது. தவசிமுத்து கடையிலிருந்து ஓடி வந்தவர் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார், ஏனென்றால் அவள் ரிஞ்சை ஓங்கிவிட்டாள்.

ஒன்று.

இரண்டு. தூணுக்குத் தூண் அந்த ஒலி உப்புக்காடெல்லாம் நடந்து போவதைக் கேட்டோம்.

மூன்று.

மூன்றாவது அடங்குவதற்குள் தண்ணீர் நூலாக மெலிந்தது, நூல் துளியானது, துளி குழாயின் வாயில் தொங்கியது, விழுந்தது, பிறகு ஒன்றும் இல்லை.

யாரோ அவளைத் திட்டினார்கள். யாரோ திட்டியவரைத் திட்டினார்கள். தவசிமுத்து தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் வைத்துக்கொண்டார். ஓடிப்போய் அந்த மனிதரைப் பார்க்கலாம், ஸ்பேனரைப் பிடித்துக்கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம், பதினான்கு மாதமாக நாங்கள் செய்துகொண்டிருந்ததும் அதுதான். நீயாவது போ, உன் புருசன் அங்கே என்ன ஆனாரோ என்று ஒருவர் உலகம்மாளிடம் சொன்னார்.

"நான் போயிட்டா, தண்ணி வரும்போது யாரு தட்டுவா?" என்றாள் அவள். "நீங்களா?"

வெயில் உச்சிக்கு வந்தது. குடங்களின் நிழல் குடங்களுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. பதினான்கு மாதம் ஒரே பிடியில் இருந்த விரல்கள் ஒரு போல்ட்டை முறுக்குமா என்று நாங்கள் மனதுக்குள் கணக்குப் போட்டோம். அவர் பிழைப்பாரா என்று நினைத்தோமா, தண்ணீர் வருமா என்று நினைத்தோமா என்று என்னைக் கேட்டால், இரண்டையும் பிரிக்கத் தெரியாதபடி நினைத்தோம் என்றுதான் சொல்வேன். உலகம்மாள் குழாயில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சுட்ட இரும்பு அவள் காதில் தழும்பு போட்டது, அது இப்போதும் இருக்கிறது. வெயில் தாழ்ந்தது. வரிசை கலையவில்லை.

பிறகு குழாய் இருமியது.

துரு வந்தது, பழுப்பு வந்தது. முன்பு வந்ததில் பாதி கனத்தில், சுண்டுவிரல் அளவுக்குத் தண்ணீர் வந்தது. யாரும் குடத்தை நீட்டவில்லை. இணைப்பைப் பூட்டியவர் இந்நேரம் அதன்மேல் கை வைத்துத் தட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. உலகம்மாள் ரிஞ்சைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. இரண்டாம் முறையும் எழவில்லை. அப்போது லிங்கக்கனி வரிசையிலிருந்து வெளியே வந்தாள், பதினான்கு மாதத்துக்கு முன் கீழே வைக்கப்பட்டு யாரும் தொடாமல் கிடந்த அந்தக் கல்லை எடுத்தாள், குழாயைத் தட்டினாள். இரண்டாவது தட்டை உலகம்மாள் இரண்டு கையாலும் ரிஞ்சைப் பிடித்துத் தட்டினாள். மூன்றாவதை எல்லோரும் தட்டினோம். குடத்தால், வாளியால், வளையலால், வெறுங்கையால், எண்ணிக்கை தவறும்வரை தட்டினோம், தவறிய பிறகும் தட்டினோம்.

செவ்வொளியில் வரப்பின்மேல் ஒரு ஆள் வருவது தெரிந்தது. ஸ்பேனர் இடுப்பில் செருகியிருந்தது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, நடுவில் ஒன்றுமில்லாமல் எதையோ பொத்திப் பிடித்தபடி இருந்தன, அவற்றை அவர் மடக்கவும் இல்லை விரிக்கவும் இல்லை. ஆறு போல்ட்டில் நான்கைத்தான் முறுக்க முடிந்தது, பல்லால் ஸ்பேனரைக் கடித்து முறுக்கினேன், மீதி இரண்டை நாளைக்கு யாராவது முறுக்கிவிடுங்கள் என்றார். யாரையும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். உலகம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அவர் கைகளுக்கு நடுவே வைத்தாள். டம்ளர் அங்கே கச்சிதமாக நின்றது. அவர் குனிந்து அதிலிருந்து குடித்தார்.

மறுநாள் காலை தவசிமுத்து உள்பட எட்டுப் பேர் போய் மீதி இரண்டு போல்ட்டையும் முறுக்கினார்கள். அப்படியும் அந்த இணைப்பு வியர்க்கிறது. சொட்டு விழுகிற இடத்தில் உப்பு கரைந்து ஒரு சாண் பள்ளம் விழுந்திருக்கிறது. சிமெண்ட் இருக்கை அப்படியே இருக்கிறது, களைத்துப்போனாலும் அதில் யாரும் உட்காருவதில்லை. தண்ணீர் வரும் நாட்களில், மறுமுனையில் பிடித்துக்கொண்டு ஒருவரும் இல்லாவிட்டாலும், மூன்று முறை தட்டிய பிறகுதான் முதல் குடத்தை வைக்கிறோம்.

உலகம்மாள் எங்கள் யாரோடும் பேசுவதில்லை. தினமும் காலையில் கணவரின் தோளில் உள்ளங்கையை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டு போகிறாள் என்றும், சூடு முடிகிற இடத்தில் நிறுத்துகிறாள் என்றும் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அவள் குழாயடிக்கு வரும்போது நாங்கள், சூடு எதுவரைக்கும் என்று கேட்கிறோம், தினமும் யாராவது ஒருவர் கேட்கிறோம், அவள் பதில் சொல்வதில்லை, குடம் நிறைந்ததும் போய்விடுகிறாள். நேற்று லிங்கக்கனி கேட்டாள். உலகம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தன் முழங்கையைத் தொட்டு, அங்கிருந்து இரண்டு விரற்கடை கீழே காட்டிவிட்டு நடந்தாள்.